பேராதனையும் றொக் இசையும்

1954ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள் நியூயோர்க் நகரிலே பில் ஹேலி குழுவினர் 'றொக் அறவுண்ட் த குளொக்' என்னும் பாடலைப் பதிவு செய்தனர். றொக் இசைக்கு ஆண்டுவிழா எடுப்போர் தவறாது குறிக்கும் நாள்களுள் இஃதொன்று. ஆயின், அதற்குப் பத்தாண்டு முன்னர், 1944 ஏப்பிரலிலே, கண்டியை அடுத்த பேராதனைப் பூந்தோட்டத்தில் நிகழ்ந்ததை நினைப்பார் அரியர்.

அம்மாதத்திலேதான் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து அங்கே கொண்டுவந்தார். படைக்கும் பாட்டுக்கும் என்ன தொடர்பு என நேயர்கள் வினவலாம். தூரதேசத்திலே போரிட்ட வீரர் மனஞ் சோராதிருக்க வானொலி வேண்டியிருந்தது. அதன்பொருட்டுக் கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் 100 கிலோவாட் வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பி எழுந்தது. அது முழுமையாக இயங்கத் தொடங்குமுன் போரே முடிந்துவிட்டது! ஊர் திரும்பக் காத்திருந்தவர்களுக்கே அது பயன்பட்டது.

1949இல் அவ்வொலிபரப்பி இலங்கை அரசைச் சேர்ந்தது. மறு ஆண்டு வர்த்தக சேவை பிறந்தது. சிற்றலையோ மேல்வானிலே பட்டுத் தெறித்து நெடுந்தூரம் செல்லும் இயல்பினது. 1952இல் இந்திய வானொலி திரையிசையைக் குறைக்கவே, அந்நாட்டு மக்கள் இலங்கை ஒலிபரப்பை நாடினர். ஹிந்திப் பாடல் தேடி வந்த செவிகளுக்கு, பின்னர் எல்விஸ் பிறெஸ்லியின் குரலும் அவ்வழியே எட்டியது.

கண்டி இளைஞரும் வாளாவிருந்தாரல்லர். மிர்ஷாட் பக்மன் பாடகராக விளங்கும் 'பரனோயிட் ஏர்த்லிங்' என்னும் றொக் குழு அந்நகரிலே 2001இல் தோன்றியது. 2026 அதற்கு வெள்ளிவிழா ஆண்டு.