பெங்களூரில் பிளாட், ஓசூரில் குடித்தனம்: வரி எந்த மாநிலத்துக்கு?

(ஓசூரில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓசூர்ல குடியிருந்துக்கிட்டு பெங்களூருல ஒரு பிளாட் வாங்கி வச்சிருக்கிறவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க. "அங்க 183 நாள் தங்கிட்டா வருமான வரியும் அந்த மாநிலத்துக்குத்தான்"னு யாராவது உங்களை பயமுறுத்தியிருக்கலாம். அது அமெரிக்கக் கதை. அங்க பல மாநிலங்கள் தனியா வருமான வரி போடுது. நியூயார்க்ல நிரந்தரமா தங்க ஒரு வீடு வச்சிருந்து, வருஷத்துல 183 நாளுக்கு மேல அங்க இருந்தா, சொந்த ஊர் வேற மாநிலமா இருந்தாலும் நியூயார்க் வரி கேட்கும். புளோரிடாவுல அந்த வரியே கிடையாது. அதனால அவங்க நாளை எண்ணுறாங்க.

நம்ம நாட்டுல சம்பளம், ஓய்வூதியம், வாடகை மேல வருமான வரி போடுறது ஒன்றிய அரசு மட்டும்தான். வீடு எந்த மாநிலத்துல இருந்தாலும் ஒரே பான், ஒரே ரிட்டர்ன். 182 நாள் கணக்கு இங்கேயும் உண்டு. ஆனா அது இந்தியாவுல இருந்தீங்களா, வெளிநாட்டுல இருந்தீங்களான்னு பார்க்க.

இரண்டு வீடு வரைக்கும் சொந்தப் பயன்பாடுன்னு காட்டலாம். மூணாவது வீடு பூட்டிக் கிடந்தாலும் வாடகைக்கு விட்ட மாதிரிதான் கணக்கு. வாடகைக்கு விட்டிருந்தா, கட்டின சொத்து வரியைக் கழிச்சுட்டு, மிச்சத்துல 30 சதவீதம் கழிவு கிடைக்கும். ரசீதை பத்திரமா வைங்க.

பத்திரச் செலவும் சொத்து வரியும் வீடு இருக்கிற இடத்துக்கு. தொழில் வரி வேலை பார்க்கிற இடத்துக்கு. அரசியலமைப்புப்படி வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல வாங்க முடியாது. இதுல குழப்பம் அதிகம் வர்றதில்லை.

குழப்பம் வர்றது வாக்காளர் பட்டியல்லயும் வண்டியிலயும்தான்.

வீடு சொந்தமா இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக ஒருத்தர் அந்தத் தொகுதியில சாதாரணமா வசிக்கிறவர் ஆகிட மாட்டார்னு 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்லுது. இரண்டு இடத்துல பெயர் இருக்கக் கூடாது. தெரிஞ்சே பொய் உறுதிமொழி கொடுத்தா ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிஜமாவே குடிமாறிட்டீங்கன்னா படிவம் 8 போதும், மொபைல்லயே அனுப்பலாம். சந்தேகம்னா 1950-க்கு போன் பண்ணுங்க.

வண்டிக்கு வருவோம். டி.என். 70 வண்டியில சனி, ஞாயிறு போய் வந்தா பிரச்சனை இல்ல. வண்டியை அங்கேயே விட்டுட்டு உங்க பையன் தினமும் ஆபீஸுக்கு ஓட்டுறார்னா கதை வேற. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47 படி, 12 மாசத்துக்கு மேல வேற மாநிலத்துல வச்சிருந்தா அங்க புதுப் பதிவு எண்ணுக்கு விண்ணப்பிக்கணும். அதுக்கு இங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல படிவம் 28 கொடுத்து தடையில்லாச் சான்று வாங்கணும். அங்க வரி கட்டின பிறகு, இங்க கட்டின ஆயுள்கால வரியில மிச்சத்தைத் திருப்பிக் கேட்கலாம். பலர் இந்தப் பணத்தைக் கேட்கிறதே இல்ல! புதுசா கட்ட வேண்டியது சின்னத் தொகை இல்லைங்க, அதனால இதை விட்டுடாதீங்க.

ஓசூருக்கு வந்து போற வண்டிதான்னு காட்ட அத்திப்பள்ளி சுங்கச்சாவடி பாஸ்டேக் பதிவு உதவும். போன்ல அந்த எஸ்.எம்.எஸ்.களை அழிக்காம வைங்க. இப்ப உங்க கேள்விகளுக்கு வர்றேன்.