தண்டுல வேர் வந்தா வெட்டணுமா?

கோவளத்துல இருந்து பேசறேன். பின்னாடி கேட்கிற இரைச்சல் கடல்காத்து, மைக் கோளாறு இல்லை. இந்த வாரக் கேள்வி: "மீன்தொட்டிச் செடி மண்ணுக்கு மேல, தண்டுலயே வெள்ளையா வேர் விடுது ப்ரோ. நோயா?"

நோய் இல்லை. ஹைக்ரோஃபிலா, லுட்விஜியா, ரோட்டாலா மாதிரி தண்டுச் செடிகளுக்கு ஒவ்வொரு கணுவும் ஒரு பேக்கப். இலை வர்ற இடத்துலயே வேரும் வரும். தண்ணியில கரைஞ்ச சத்தை நேரா எடுத்துக்கும். வெற்றிலைக் கொடி பார்த்தவங்களுக்கு இது புதுசே இல்லை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் வேற கதை. அதோட கிழங்குத் தண்டை மணல்ல புதைச்சா அழுகிடும். கல்லுல, கட்டையில கட்டி விடுங்க, வேர் வெளியிலதான் இருக்கணும்.

அடி இலை மஞ்சளாகி உதிர்ந்து, கூடவே மேல வேர் பெருகுதுன்னா, கீழ வெளிச்சமோ சத்தோ பத்தலைன்னு யோசிக்கலாம். வேர் விட்ட கணுவுக்குக் கீழ வெட்டி, அந்தக் கணு மணலுக்குள்ள போற மாதிரி நட்டுடுங்க. சும்மா வேரை மட்டும் கத்தரிச்சா செடிக்கு ஒன்னும் ஆகாது, அது நம்ம கண்ணுக்காக.

ஆனா வெட்டின மிச்சத்தை எங்க போடறீங்க? கணு இருக்கிற துண்டு ஒவ்வொன்னும் முழுச் செடி. ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா நம்ம ஊர்ச் செடிதான். மீன்தொட்டி வியாபாரத்துல அமெரிக்கா போய், ஃப்ளோரிடா கால்வாய்களை அடைச்சு, இப்ப அங்க மத்திய அரசோட களைப் பட்டியல்ல இருக்கு. வெளியில இருந்து இங்க வந்தது கபோம்பா. 2020ல கோழிக்கோடு பக்கம் ஆவளப்பாண்டியில தண்ணி முழுக்க பிங்க் பூவா பூத்து, ஜனங்க கூட்டமா வேடிக்கை பார்க்க வந்தாங்களே, அது தென்னமெரிக்கச் செடி. போட்டோவுக்கு அழகுதான், அந்தத் தண்ணிக்கு இல்லை.

நம்ம முட்டுக்காடு கழி உப்புத்தண்ணி, இந்தச் செடிங்க அங்க பிழைக்கிறது கஷ்டம். அதுக்கு மேற்கால இருக்கிற ஏரி, குட்டை அப்படி இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில ஒன்னு நிரம்பி இன்னொன்னுக்குப் பாயும். துண்டும் கூடவே போகும்.

அதனால வடிகால், வாய்க்கால் பக்கமே போக வேண்டாம். மொட்டை மாடியில மொறுமொறுன்னு காயவிட்டு, பூந்தொட்டி உரத்துல கலந்துடுங்க. நல்ல துண்டுன்னா தொட்டி வெச்சிருக்கிற நண்பருக்குக் கொடுங்க.

அடுத்த எபிசோட்ல கருப்புப் பாசி.