சைக்கிளில் போகும் மடிக்கணினி

நம் கிராமங்களில் பல வீடுகளில் அரசு கொடுத்த பொருள்கள் இரண்டு இருக்கும். ஒன்று சைக்கிள். இன்னொன்று, நாம் எல்லோரும் லேப்டாப் என்று சொல்லும் மடிக்கணினி. இலவச சைக்கிள் 2001-2002ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கியது. பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியருக்கும் என்று விரிந்தது. மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் பிள்ளைகள் கைக்கு வந்தன. 2025 மார்ச்சில் தாக்கலான தமிழக பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று மறுபடியும் அறிவித்தார்கள்.

சைக்கிளும் வந்தது, கணினியும் வந்தது. ஆனால் கணினியைச் சைக்கிளில் எப்படிப் பத்திரமாகக் கொண்டு போவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

தேவதானத்தை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலுக்கும் சாஸ்தா கோயில் அணைக்கும் வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர். இங்கிருந்து மேல்படிப்புக்குப் போக வேண்டும் என்றால் ராஜபாளையம் போக வேண்டும், இல்லையென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் பக்கம் போக வேண்டும். பஸ் ஏறுமிடம் வரைக்குமாவது சைக்கிள் தேவைப்படுகிறது. ஊருக்குள் வேகத்தடை, தோப்பு ஓரம் மண் தடம். மெயின் ரோட்டுக்கு வந்துவிட்டால் கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை. கேரளத்துக்குப் போகிற லாரிகள் இரவும் பகலும் ஓடுகிற சாலை. இந்த வழியில் ஒரு மடிக்கணினிக்கு வரக்கூடிய கேடு மூன்று: அதிர்வு, அழுத்தம், ஈரம்.

முதலில் அதிர்வு. பத்து வருடத்துக்கு முந்தைய மடிக்கணினிகள் பலவற்றில் தகவல் சேமிக்கும் ஹார்டு டிஸ்க் ஒரு சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டுகள்தான் பெரும்பாலும். அந்தத் தட்டுக்கு மேலே, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், ஒரு நுனி மிதந்துகொண்டே படிக்கும், எழுதும். தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது வண்டி குழியில் இறங்கினால் நுனி தட்டை உரசும். உரசிய இடத்தில் இருந்த பாடமும் படமும் போய்விடும். ஆகவே அக்காவோ அண்ணனோ படித்து முடித்து வைத்திருந்த பழைய கணினியை எடுத்துப் போகிற பிள்ளைகள், மூடியை மட்டும் மூடிவிட்டுக் கிளம்பக் கூடாது. ஷட் டவுன் கொடுத்து, விளக்கு எல்லாம் அணைந்த பிறகே பையில் வைக்க வேண்டும். இப்போது வருகிற கணினிகளில் பெரும்பாலும் சுழலும் தட்டு கிடையாது, எஸ்.எஸ்.டி. என்கிற சில்லுதான். ஆனாலும் அணைத்துத்தான் வைக்க வேண்டும். ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் கணினி மூடிய பைக்குள் சூடேறும். சூடு பேட்டரிக்கு ஆகாது.

இரண்டாவது அழுத்தம். திரை கண்ணாடியால் ஆனது, மெல்லியது. அது கீழே விழுந்துதான் உடைய வேண்டும் என்பதில்லை. சார்ஜரின் கட்டை மூடிமேல் கிடந்து, அதன்மேல் இரண்டு தடிப் புத்தகம் அழுத்தினாலே போதும், உள்ளே கீறல் ஓடிவிடும். இன்னொன்று, சைக்கிள் கேரியர். கேரியரின் ஸ்பிரிங் கம்பி இருக்கிறதே, அது பையின் நட்டநடுவில் இறுக்கிப் பிடிக்கும். வேகத்தடையில் வண்டி எகிறும் ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பி அதே இடத்தில் அடிக்கும். நோட்டுப் புத்தகத்துக்கு அது போதும், மடிக்கணினிக்குக் கூடவே கூடாது. முன்கூடையும் சரியான இடமில்லை. பள்ளத்தில் முதலில் இறங்குவது முன்சக்கரம். அந்த அடி முழுவதும் கூடைக்குத்தான் போகும். ஹேண்டில் பாரில் மாட்டினால் இன்னும் மோசம். பை ஆடும், சக்கரக் கம்பியில் மாட்டும், ஓட்டுகிறவரையே தள்ளிவிடும்.

அப்படியானால் எங்கேதான் வைப்பது? முதுகில்தான். கேரியருக்கு அதிர்ச்சி தாங்கும் அமைப்பு எதுவும் கிடையாது. ரோட்டில் படும் அடி அப்படியே ஏறும். நம் உடம்போ காலிலும் இடுப்பிலும் பாதி அடியை வாங்கிக்கொள்ளும். குழி வருவது தெரிந்தால் சீட்டை விட்டுக் கொஞ்சம் எழும்பி, பெடலில் காலூன்றிக் கடந்து பாருங்கள், முதுகுப் பை குலுங்குவது தெரியவே தெரியாது. ஒற்றைத் தோளில் மாட்டும் பை வேண்டாம். குனிந்து மிதிக்கும்போது அது முன்னால் சரிந்து முழங்காலில் இடிக்கும். இரண்டு தோளிலும் பட்டை மாட்டி, பை இடுப்புக்குக் கீழே தொங்காதபடி இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பைக்குள் அடுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. கணினி முதுகை ஒட்டிய அறையில் இருக்கட்டும். அதற்கு வெளியே புத்தகம். சார்ஜரும் பூட்டும் வெளிப்பக்கச் சிறு அறையில். சாப்பாட்டுத் தூக்கும் தண்ணீர் பாட்டிலும் அந்தப் பைக்குள்ளேயே கூடாது. ரசம் கசிந்தால் கணினி தப்பாது. இவற்றைத் தாராளமாகக் கேரியரிலோ கூடையிலோ வைக்கலாம்.

ஒரு முக்கியமான இடத்தை யாரும் பார்ப்பதில்லை. அது பையின் அடிப்பகுதி. பையைத் தரையில் தொப்பென்று வைக்கிறோம். வெறும் துணிதான் இடையில், கணினியின் விளிம்பு நேரே தரையில் மோதும். வகுப்பில், பஸ்ஸில், வீட்டுத் திண்ணையில் என்று ஒரு நாளில் எத்தனை முறை! மெத்தைக் கடையில் வெட்டி மிஞ்சும் ஃபோம் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு விரல் கனத்தில் அதை வெட்டி அடியில் போட்டுவிடுங்கள். உறை வேண்டும் என்றால் விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா? நம் பக்கத்துத் தளவாய்புரம் நைட்டி தைப்பதற்குப் பெயர் போன ஊர். தையல் மிஷின் ஓடாத தெருவே அங்கே குறைவு. ஃபோமை நடுவில் வைத்து, இருபுறமும் கெட்டித் துணி கொடுத்து, கணினி அளவுக்குத் தைத்துத் தரச் சொன்னால் ஒரு நல்ல தையல்காரருக்கு அது சின்ன வேலை.

மூன்றாவது ஈரம். ஆனி, ஆடியில் மலையோரம் சாரல்; ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. பையின் துணி சாரலைத் தாங்கலாம், ஜிப் வழியாக நீர் இறங்குவதைத் தடுக்காது. ஓட்டையில்லாத கெட்டியான பாலிதீன் உறை ஒன்று எப்போதும் பையிலேயே மடித்துக் கிடக்கட்டும். மழை வந்தால் கணினியை அதில் போட்டு, வாயை இரண்டு மடிப்பு மடித்து வைத்தால் போதும். அப்படியும் நனைந்துவிட்டால், உள்ளே உயிர் இருக்கிறதா என்று ஆன் செய்து பார்க்கக் கூடாது. நனைந்த கணினியை மின்சாரம்தான் கெடுக்கும். ஓடிக்கொண்டிருந்தால் உடனே அணையுங்கள், சார்ஜரில் மாட்டாதீர்கள். திரையைத் திறந்து, கீபோர்டு கீழ்ப்பக்கம் பார்க்கும்படி கவிழ்த்து நீரை வடியவிட்டு, மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள். உள்ளே போன ஈரத்தை அரிசி இழுக்காது. தூசியும் மாவும்தான் கூடுதலாகப் போய்ச் சேரும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் ஒன்று. முதுகில் இரண்டு கிலோ ஏறிவிட்டால் சைக்கிளின் நிதானம் மாறும். திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பாரம் ஒரு பக்கம் இழுக்கும். பையோடு ஊருக்குள் ஓட்டிப் பழகிவிட்டு, பிறகு மெயின் ரோட்டுக்குப் போங்கள். பின்சக்கரத்துக்கு மேலே சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்கிறதா, பை அதை மறைக்கிறதா என்று பாருங்கள். விழுகிற நிலை வந்தால் கணினியைக் காப்பாற்றக் கையைக் கொடுக்காதீர்கள். கணினியை வாங்கிவிடலாம். அதில் உள்ள ப்ராஜெக்ட்டையும் பாடக்குறிப்பையும் வாரம் ஒருமுறை பென் டிரைவில் போட்டு வீட்டில் வைத்துவிட்டால், அந்தக் கவலையும் இல்லை.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். கணினி வழங்கும் நாளில் மேடை போடுகிறோம், படம் எடுக்கிறோம். அன்றைக்கே ஒரு கால் மணி நேரம் ஒதுக்கி, ஒரு பையையும் ஒரு சைக்கிளையும் முன்னால் நிறுத்தி, எப்படி அணைப்பது, எப்படி அடுக்குவது, எப்படிக் கட்டுவது என்று செய்து காட்டுங்கள். ஒரு குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிக்கிற பிள்ளைக்கு அந்தக் கணினி பழுதானால், மறுநாளே இன்னொன்று வாங்கித் தர எத்தனை வீட்டில் வசதி இருக்கிறது? அந்தக் கால் மணி நேரம் அந்தப் பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றும்.