நெறிக்கு இடும் அடையாளம்



அண்மையில் ஒருநாள், பள்ளி விடும் நேரத்தில், மாணவி ஒருத்தியின் தாயார் மருத்துவமனைக் கடிதத்தோடு நம்மைத் தேடி வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். மார்பகப் புற்றுநோய், அக்குள் நெறிவரை வந்துவிட்டது. "முதல்ல மருந்து ஏத்திக் கரைச்சிட்டு, அப்புறமா அறுப்போம்னு சொன்னாங்க சார். இப்போ அக்குளுக்குள்ள ஏதோ உலோகம் வைக்கணுமாம். கரையப்போற கட்டிக்கு அது எதுக்கு? நான் அந்தத் தேதிக்குப் போகப்போறதில்லை" என்றார்.

நியாயமான கேள்விதான்.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அத்தகைய நெறிகள் அக்குளில் இருபது முப்பது உண்டு. நிணநீர்க்கணுக்கள் என்று பாடநூல்கள் கூறும். கையிலிருந்தும் மார்பிலிருந்தும் வரும் நிணநீரை இவை வடிகட்டுகின்றன. மார்பிலிருந்து புறப்படும் புற்று பெரும்பாலும் இங்கேதான் முதலில் தங்கும்.

முன்பெல்லாம் ஒரு நெறியில் நோய் கண்டாலும் அக்குளையே வழித்தெடுத்து விடுவார்கள். பிழைத்தவர்களில் பலருக்குக் கை வீங்கிப் போயிற்று. வடிகால் அடைபட்டால் நீர் தேங்கத்தானே செய்யும்? வாளி தூக்கிப் பிழைக்கும் நமக்கு இது சிறிய செய்தியன்று.

கீமோதெரபி மருந்தால் பலருக்கு நெறியிலிருந்த புற்று முற்றிலும் மறைகிறது. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 100க்கு 40 பேருக்கு அவ்வாறு மறைந்திருந்தது. அப்படியானால் எல்லாவற்றையும் எடுப்பானேன்? சிலவற்றை எடுத்துச் சோதித்தால் போதுமே! ஆனால், நோயிருந்த நெறி சில மாதங்களில் சுருங்கி மற்றவற்றைப் போலவே ஆகிவிடும். எது அது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நோய் கண்ட செம்பனைக்குச் சாயம் பூசி வைக்கிறோம். இன்று பார்த்தவர் வேறு, நாளை வெட்ட வருகிறவர் வேறு. சாயம் இல்லாவிட்டால் அவர் எந்த மரத்தைத் தேடுவார்?

அதே கதைதான் இங்கும். முதல் மருந்து ஏற்றுமுன், மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே, மெல்லிய ஊசி வழியாக அந்த நெறிக்குள் சின்னஞ்சிறு டைட்டேனியத் துண்டு ஒன்றை வைக்கிறார்கள். எள்ளளவுதான். துருப்பிடிக்காது, வலிக்காது. சில இடங்களில் கரிமை இட்டும் குறிக்கிறார்கள். இது நோயைக் கரைக்கும் மருந்தன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பலன் உண்டா? டெக்சாஸ் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையினர் 2016இல் கணக்குக் காட்டினர். சாயம் முதலியவை செலுத்தி, அது முதலில் சென்று சேரும் நெறிகளை மட்டும் எடுத்தபோது, நோய் மிச்சமிருந்த 100 பேரில் 10 பேருக்கு அது தப்பிவிட்டது. அடையாளமிட்ட நெறியையும் சேர்த்தெடுத்தபோது தப்பியது 2 பேருக்குத்தான். நோய் மிச்சமிருப்பது தெரிந்தால் மேற்கொண்டு அறுவையோ கதிர்வீச்சோ தேவைப்படும். நெறிகள் பலவற்றில் பரவிவிட்டவர்களுக்கு இந்த வழி பொருந்தாமலும் போகலாம். அதை மருத்துவரே சொல்லவேண்டும்.

ஆனால் தேதியைத் தவறவிடக்கூடாது. நெறி சுருங்கி மறைந்தபின் எங்கே போய் அடையாளம் வைப்பது?

அறுவை முடிந்ததும், எடுத்த நெறியை எக்ஸ்ரே பிடித்து உள்ளே அந்தத் துண்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். "வைத்தது வெளியே வந்ததா?" என்று நாமும் கேட்கலாம். இதைச் சொன்னதும், அக்கேள்வியை மலாயில் எழுதித் தரும்படி அந்தத் தாயார் கேட்டார். மகளின் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தோம். மடித்து, கடிதத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.