பிள்ளைகளை நடக்க விடுங்கள்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியது)



குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசும்படி நம்மைப் பணித்திருக்கிறார்கள். நாம் வைத்தியருமல்ல, உபாத்தியாயருமல்ல. வளர்ந்துவிட்ட பிள்ளைகள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் என்கின்ற முறையிலேயே சில வார்த்தைகள் சொல்லுகிறோம்.

இங்கு வரும்போது பஸ்ஸில் ஒரு தகப்பனாரும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். பையனுக்கு 17 வயதிருக்கும். மீசைகூட அரும்பிவிட்டது. "தம்பி, என்ன படிக்கிறாய்?" என்றோம். தகப்பனார் பதில் சொன்னார். "எந்தப் பாடம் பிடிக்கும்?" என்றோம். அதற்கும் தகப்பனாரே பதில் சொன்னார். கடைசியாக, "பேர் என்ன தம்பி?" என்று கேட்டோம். பையன் வாயைத் திறக்குமுன் தகப்பனார் முகத்தைப் பார்த்தான். தன் பேரைச் சொல்ல உத்தரவு கேட்கும் இந்தப் பிள்ளை அடுத்த வருஷம் ஓட்டுப் போடப் போகிறான்! ஓட்டு வயது 1989-ல் 21-லிருந்து 18 ஆயிற்று. நாட்டை யார் ஆளுவதென்று தீர்மானிக்கப் போதுமான புத்தி 18 வயதில் உண்டு என்கிறது சட்டம். தான் என்ன படிப்பது என்று தீர்மானிக்கக்கூடப் புத்தி போதாது என்கிறது வீடு. இரண்டில் எது பைத்தியக்காரத்தனம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்தப் புத்திக்குறைவு பிறவியில் வந்ததா? இல்லவே இல்லை. இரண்டு வயதில் பூச்சாண்டி, பத்து வயதில் பிள்ளை பிடிக்கிறவன், பதினைந்தில் "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்" என்பதாக, பயத்தைச் சோற்றோடு பிசைந்து ஊட்டிவிட்டுப் பிறகு பிள்ளைக்குத் தைரியமில்லையே என்று அழுதால் என்ன பிரயோசனம்?

நிற்க, "ரோட்டில் லாரியும் மோட்டாரும் பறக்கின்றனவே" என்பீர்கள். வாஸ்தவம். அந்தப் பயம் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதற்குச் செய்யும் பரிகாரத்தைப் பாருங்கள். இங்கிலாந்தில் 1971-ல் 7, 8 வயதுக் குழந்தைகளில் 100-க்கு 80 பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள். 1990-ல் அப்படிப் போனவர்கள் 9 பேர்தான்! 19 வருஷத்தில் குழந்தைகளின் கால் சூம்பிவிட்டதா? மோட்டார் பெருகிற்று. மோட்டாரை அடக்க முடியாதவர்கள் குழந்தையை அடக்கினார்கள். தன் பிள்ளைக்கு ஆபத்து வரக்கூடாதென்று ஒருவர் அதை மோட்டாரில் ஏற்றிப் போகிறார். அந்த மோட்டார் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்தாகிறது. உடனே அந்த வீட்டுக்காரரும் ஒரு மோட்டார் வாங்குகிறார். நம்மூர்ப் பள்ளிக்கூட வாசலில் காலையில் நின்று பார்த்தால் இந்த வேடிக்கை விளங்கும்.

ஜப்பானிலும் மோட்டாருக்குக் குறைவில்லை. அங்கே பல ஊர்களில் ஒரே தெருப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து, மூத்த பிள்ளை முன்னே போக, நடந்தே பள்ளிக்கூடம் போகிறார்கள். முச்சந்தியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் கொடி பிடித்து நின்று வண்டிகளை நிறுத்துகிறார். பிள்ளையை நிறுத்துவதில்லை, கவனியுங்கள்.

பெண் பிள்ளைகள் சங்கதி இன்னும் மோசம். அண்ணன் கடைக்குப் போகலாம், தங்கை வாசற்படி தாண்டக்கூடாதாம். தாய்மார்களே! புதுக்கோட்டை ஜில்லாவில் 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கேலி பேசினவர்கள் இருந்தார்கள். பெண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழந்தையை முன்னே வைத்து, தண்ணீர்க் குடத்தைப் பின்னே கட்டி ஓட்டிப் போனார்கள். விழாமல் யாராவது சைக்கிள் கற்றதுண்டா? முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து உண்டு. பயந்தே வளர்ந்த மனதுக்கு எந்தக் கடையில் மருந்து விற்கிறார்கள்?

"பேசிவிட்டு நீங்கள் போய்விடுவீர்கள், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்று அங்கே ஓர் அம்மாள் கேட்கிறார். நியாயமான கேள்வி. திடீரென்று நடுரோட்டில் விடும்படி நாம் சொல்லவில்லை. முதலில் தெருமுனைக் கடைக்கு அனுப்புங்கள்; மீதிச் சில்லறையைப் பிள்ளையே எண்ணி வாங்கட்டும். இரண்டு ரூபாய் ஏமாந்து வந்தால் அடிக்காதீர்கள். அடுத்த தடவை இரண்டு தரம் எண்ணும். பிறகு நான்கு பேராகச் சேர்த்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். பொறுப்பு யாருடையது என்றால், ஊருடையது. இந்த வாசகசாலை வாலிபர்களில் இரண்டு பேர் காலை எட்டரை முதல் ஒன்பதரை மணிவரை பெரிய ரோட்டு முச்சந்தியில் நிற்க முன்வந்தால் போதும். சம்மதமுள்ளவர்கள் கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பேர் கொடுக்கலாம்.