காமாலையும் கீழாநெல்லியும்

(மில்லர்புரத்தில் நிகழ்ந்த நம் சங்கத்தாரின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நாட்டு மருத்துவத்தைக் குறித்துப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பொருளோ பெரிது, எமக்கு வாய்த்த காலமோ சிறிது. ஆதலின், ஒரு நோயையும் ஒரு செடியையும் மாத்திரம் எடுத்துக்கொண்டு, நம் மருத்துவம் இந்நாளில் நிற்கவேண்டிய இடம் யாது என்று ஆராயப் புகுகின்றோம். நோய் காமாலை, செடி கீழாநெல்லி.

நம் கடற்கரைக்கும் சித்த மருத்துவத்துக்கும் உள்ள உறவு பழையது. இக்கடல் தந்த சங்கும் முத்துச்சிப்பியும் வைத்தியர் கையிற் புடமிடப்பட்டுப் பற்பமாயின. 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு ஓய்ந்தது. வீட்டு மருத்துவம் ஓயவில்லை. ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால் நம் வீடுகளில் முதலில் எழும் சொல் கீழாநெல்லி என்பதே. இலைகளின் கீழே நெல்லி போன்ற சிறு காய்களை நிரையாகத் தாங்குதலின் அப்பெயர் பெற்ற அச்செடியை அரைத்து, மோரிற் கலக்கி, வெறுவயிற்றில் அருந்தக் கொடுப்பர். பலர் நலமடைந்தனர் என்பதும் மெய்யே.

ஆயின் அந்நலம் எதனால் வந்தது? காமாலை என்பது தனியொரு நோயன்று. பல நோய்கள் காட்டும் ஓர் அடையாளம். அசுத்த நீரால் வருவது ஒன்று. குருதி வழியே வருவது ஒன்று. பித்தநாளத்திற் கல் அடைத்து வருவது ஒன்று. எலிக்காய்ச்சலில் வருவது ஒன்று. இவற்றுள் அசுத்த நீரால் வருவது, பெரும்பாலார்க்குச் சில கிழமைகளில் ஓய்வினாலேயே நீங்கும். அவ்வமயம் எம்மருந்து கொடுத்தாலும் அதற்கே புகழ் சேரும். காக்கை உட்காரப் பனம்பழம் வீழ்ந்த கதையை நம் பனைநாட்டார்க்கு விரித்துரைத்தல் வேண்டா. கல் அடைத்தவர்க்கோ கீழாநெல்லி வழி திறவாது. காத்திருக்கும் நாளெல்லாம் நோய் முற்றும் நாளேயாம்.

இனி, அச்செடியைச் சோதித்த வரலாற்றைக் கூறுவாம். ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய்க் கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபெல் பரிசு பெற்ற புளும்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞரும், சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராசனும், பிறரும் கூடி, அக்கிருமியை உடலிற் சுமந்தவர்க்குக் கீழாநெல்லிப் பொடியை முப்பது நாள் கொடுத்துப் பார்த்தனர். முடிவு 1988-இல் இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. மருந்துண்ட 37 பேருள் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும்பொடி உண்ட 23 பேருள் ஒருவரிடமே மறைந்தது. தமிழர் வீட்டுக் கொல்லைச் செடி உலகின் கண்ணுக்குத் தெரிந்தது.

இவ்விடத்தே நின்றுவிட்டால் கைதட்டல் கிடைக்கும்; உண்மை கிடையாது. பின்னர்த் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அச்சோதனை செய்யப்பட்டபோது அப்பயன் தோன்றவில்லை. செடி வளர்ந்த மண் வேறு, பறித்த பருவம் வேறு என்பார் உளர். அது மெய்யாகவும் இருக்கலாம். ஆயின் அதனையும் சோதனையே சொல்லவேண்டும், நம் ஆசை சொல்லலாகாது.

சோதனை நம் மருத்துவத்துக்குப் பகை என்று எண்ணற்க. சீன அம்மையார் தூ யூயூ, ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மருத்துவ நூலிற் குறிப்பொன்றைக் கண்டு, நம் மாசிபத்திரிக்கு இனமான செடியொன்றிலிருந்து 1972-இல் மலேரியாவுக்கு மருந்து பிரித்தெடுத்தார். 2015-இல் நோபெல் பரிசு பெற்றார். பழைய நூல் வழிகாட்டிற்று. சோதனை அதனை உலகுக்குரியதாக்கிற்று. நம் சித்தர் மரபும் ஆராயாது மருந்திடச் சொல்லவில்லை. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வை அம்மரபே வகுத்தது. குருதிச் சோதனையை ஒன்பதாவது தேர்வென்று கொள்வதில் நமக்கு என்ன இழுக்கு?

இரு மருத்துவமும் அருகருகே நிற்க இடமும் உண்டு. அண்மையிலுள்ள பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசினர் சித்த மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. தாம்பரத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளது. அரசு மருத்துவமனைகள் பலவற்றிற் சித்த மருத்துவப் பிரிவும் உண்டு. இருவரையும் நாடுக, ஆயின் ஒருவர் கொடுத்ததை மற்றவரிடம் மறைக்கற்க.

ஈண்டு, பரம்பரையாக மருந்து காத்துவரும் குடும்பத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வெளியிட்டால் மருந்து பலியாது என்று முன்னோர் மறைத்தனர். தகாதார் கையிற் சேராதிருக்க அவர் இட்ட வேலி அது. இன்று அவ்வேலியே பயிரை மறைக்கின்றது. சொல்லப்படாத மருந்தைச் சோதிக்க இயலாது. சோதிக்கப்படாத மருந்து, உரியவர் மறையின் உடன் மறையும். கற்றறிந்த சித்த மருத்துவரிடம் அதனை ஒப்புவியுங்கள்.

தாய்மார்களுக்கு முடிவாகச் சில சொல்வோம். கண் மஞ்சளித்தால் முதல் வேலை குருதிச் சோதனை, பின்னரே மருந்து. நோயாளர் கருவுற்ற மகளிராயினும், பிறந்த குழவியாயினும், அறிவு தடுமாறினும், குருதி கசியினும் ஒரு நாழிகையும் தாழ்க்காது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. குழவியின் காமாலை மிகுந்தால் மூளையைத் தாக்கும். அதற்கு நீலவொளிச் சிகிச்சை உண்டு. பிறந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை விடற்க. குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பருகுக.

கீழாநெல்லியைப் பழிக்க யாம் வந்திலேம். அதனை நேசிப்பவர், அதன் பெயரால் ஓருயிரும் காலந்தாழ்ந்து மடியாதபடி காக்கக் கடமைப்பட்டவர். அக்கடமையை நம் சங்கத்துக் குடும்பங்கள் முதற்கண் மேற்கொள்க என வேண்டி, எம் சிற்றுரையை முடிக்கின்றோம்.