குத்தகைக் காரும் கால் டாலர் காசும்

அமெரிக்காவில் பலர் காரை மூன்று வருஷக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கும்போது குத்தகைக் கம்பெனிக்காரர்கள் டயரைக் குனிந்து பார்ப்பார்கள். பட்டன் ஆழம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பல ஒப்பந்தங்களின் விதி. அளப்பதற்கு 25 சென்ட் காசு போதும். டயர் பள்ளத்தில் தலைகீழாகச் செருகினால், காசிலுள்ள வாஷிங்டனின் உச்சந்தலையை ரப்பர் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உங்கள் பர்ஸ் தப்பாது!

மாற்றுவதென்றால் உசந்த டயர் எதற்கு? நாளைக்கு யாரோ ஓட்டப்போகிற வண்டி. நடுத்தர விலையே போதும். ஆனால் பழைய டயரில் 205/55 ஆர்16 91வி என்றிருந்தால், புதியதிலும் அளவு அதேதான். எடைக் குறியீடும் (91) வேகக் குறியீடும் (வி) குறையக்கூடாது. பாதி விலைக்குப் பழசு கிடைத்தால், பக்கவாட்டில் தயாரிப்புத் தேதியைத் தேடுங்கள். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.